இது மதி

வைப்பர் பிளேடு மாற்ற ஒரு சாயா குடிக்கிற நேரம்கூட வேண்டாம். கம்பியைத் தூக்கி நிறுத்தி, கொக்கியை அழுத்தி, பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் டக்கென்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் முடியவில்லை. இவ்வளவு தெளிவான வேலை உலகத்தில் அதிகம் கிடையாது. மட்டாஞ்சேரியில் முப்பத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். பிளேடு, பல்பு, ஹாரன், ஃப்யூஸ். பெரிய பழுதுகளை நான் தொடுவதில்லை.

சார், நேற்று நீங்கள் என்னைப் போகச் சொல்லிவிட்டீர்கள். இன்று காலையில் நானே வந்து காகிதம் கேட்டது உங்களுக்கு விசித்திரமாக இருந்திருக்கும். தமிழில்தான் எழுதுவேன் என்றதும் உங்கள் போலீஸ்காரர் நிகில் சிரித்தார். மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை.

நேற்று நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். கும்பளங்கியில் தண்ணீரிலிருந்து தூக்கிய காரில் பழைய வைப்பர் பிளேடுகள் இருந்தன. இடதுபக்க ஹெட்லைட்டில் எரியாத பழைய பல்பு இருந்தது. கார் விழுந்த அன்று மத்தியானம்தான், ஓட்டிப்போன ஜிஷா அதையெல்லாம் மாற்ற என் கடைக்கு வந்திருந்தாள் என்று அவள் புருஷன் அனூப் உங்களிடம் சொல்லியிருந்தான். ஏன் மாற்றவில்லை என்று கேட்டீர்கள். அந்தப் பெண் 'இது மதி' என்றார் சார், பழையது போதும் என்கிறார் என்று நினைத்துவிட்டேன், எனக்கு உங்கள் பாஷை அவ்வளவு பிடிபடாது என்றேன்.

நிகில் சொன்னார்: "பாண்டியல்லே சாறே. நம்மள் ஒந்நு பறஞ்ஞா, இவர்க்கு வேறொந்நே மனசிலாகூ."

பாண்டி என்றால் இங்கே தமிழன், ஒன்று சொன்னால் வேறொன்றைப் புரிந்துகொள்கிறவன். நீங்கள் பெருமூச்சுவிட்டு ஏதோ எழுதினீர்கள். பிறகு என் தோளில் கை வைத்தீர்கள். "போய்க்கோ அண்ணாச்சி. இனி மனசிலாயில்லெங்கில் ஒண்ணுகூடி சோதிக்கணம், கேட்டோ."

இனிப் புரியாவிட்டால் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று சொல்லி வாசல்வரை வந்து அனுப்பினீர்கள். ஜிஷா பிழைக்காவிட்டாலும் அவள் குழந்தை கண் திறந்துவிட்டது, பேசுகிறது, பயப்பட வேண்டாம் என்று எனக்கு ஆறுதலும் சொன்னீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ராத்திரி முழுக்க அந்தக் கை என் தோளிலேயே இருந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து நான் வந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. இப்போது என் மலையாளம் என் தமிழைவிடச் சுத்தம். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மலையாளப் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பேன். நீங்கள் நேற்று எழுதிய அறிக்கையை மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகவே படித்தேன். இரண்டாவது வரியில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. இத்தனை வருடத்தில் எனக்குப் பாஷை தெரியுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. தெரியாது என்றே வைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. பேசாமல் இருப்பவனுக்கு அதில் ஒரு சௌகரியம் உண்டு.

மதி என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பவர் அதை அப்படியே விட்டுவிடட்டும். தமிழில் மதி என்றால் அறிவு, நிலா. ஒருவரை மதி என்றால் மரியாதை கொடு என்று அர்த்தம். இங்கே மதி என்றால் போதும். சோறு மதி, மழை மதி, பேசினது மதி. ஆனால் கடையில் அதற்கு இன்னொரு உபயோகம் உண்டு. நாலு சட்டையை விரித்துக் காட்டினால், பிடித்ததைத் தொட்டு 'எனிக்கு இது மதி' என்பார்கள். இதை எடுத்துக்கொள்கிறேன் என்று பொருள். ஆகவே இது மதி என்று ஒருவர் சொன்னால் காதால் கேட்டால் மட்டும் போதாது. விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இது எனக்கு வந்த முதல் மாதத்திலேயே தெரியும்.

அந்தச் சொல்லை நான் வெறுக்கிறேன். ரப்பர் கிழிந்து தொங்கும், கண்ணாடியில் விரல் அகலத்துக்குத் தண்ணீர் நிற்கும், நான் காட்டுவேன். "மதி சேட்டா, ஈ மழ கழியட்டே" என்பார்கள், இந்த மழை விடட்டும் என்று. ஒரு பல்பு போயிருக்கும். "ஒந்நு கத்துந்நுண்டல்லோ, மதி." ஒன்றுதான் எரிகிறதே, போதும். போதும் என்று இவர்கள் தீர்மானிப்பது தங்களுக்கு அல்ல. சாலையின் இடது ஓரத்தில் நடந்து போகிறவருக்கு.

என் மனைவி கற்பகம் இடது ஓரத்தில்தான் நடப்பாள்.

போர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் காய்கறி நறுக்கும் வேலை அவளுக்கு. என்னைப்போல் இல்லை, ஓயாமல் பேசுவாள். "ஊரான் கண்ணாடியெல்லாம் தொடைக்கீரு, உம்ம மூக்குக் கண்ணாடிய என்னைக்குத் தொடைக்கப் போறீரு?" என்று கேட்டுவிட்டு அவளே பிடுங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கொடுப்பாள். நான் மூன்று நாள் பேசாமல் இருந்தால், "கடையில இன்னைக்கு ஊமைக்கு எத்தனை வண்டி வந்துச்சு?" என்பாள். நான் சிரித்தால் அவள் ஜெயித்துவிட்டதாகக் கணக்கு.

மூன்று வருடத்துக்கு முன் ஜூன் மாதம், சாயங்காலம் ஆறரைக்கு, வேலை முடிந்து சுள்ளிக்கல் பக்கம் நடந்து வந்தவளை ஒரு கார் இடித்தது. நல்ல மழை. காரில் இடது ஹெட்லைட் எரியவில்லை. வைப்பர் தண்ணீரைத் தள்ளவில்லை, பூசியது. ஓட்டிவந்தது அனூப். அவனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வழியிலேயே முடிந்துவிட்டது. அவன் சட்டை முழுக்க ரத்தமாக என் முன்னால் வந்து நின்றபோதுதான் யார் கார் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்கு மூன்று நாள் முன்பு அந்தக் கார் என் கடையில் நின்றது. என் வேலை முறை உங்களுக்குத் தெரியாது. கடைக்கு எதிரே மூடிக் கிடக்கும் மிளகுக் கிடங்கின் சுவர். வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தி விளக்கைப் போடச் சொல்வேன். இரண்டு வட்டம் விழ வேண்டும். மழை இருட்டில் அன்று அனூப் வண்டியிலிருந்து ஒரு வட்டம்தான் விழுந்தது. இடது பல்பு போயிருந்தது. ரப்பரும் கிழிந்திருந்தது. அந்த மாடலில் இடது பல்பை மாற்றுவது சள்ளை பிடித்த வேலை. பேட்டரியைக் கழற்றினால்தான் கை உள்ளே போகும். இது மதி என்று சொல்லப்பட்டது. மழை விடட்டும் என்று சொல்லப்பட்டது. கார் போய்விட்டது.

கோர்ட்டில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். எச்சரித்தேன், கேட்கவில்லை, இது மதி என்றான் என்றேன். கூண்டில் நின்ற அனூப் என்னைப் பார்த்தான். அவன் வக்கீல் என்னிடம் ஏதாவது கேட்கட்டுமா என்று அவன் பக்கம் குனிந்தார். அவன் தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டான். அவனுக்குத் தண்டனை கிடைத்தது. டாக்ஸி ஓட்டும் பிழைப்பு போயிற்று. வெளியே வந்தபிறகு மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் உடைக்கிறான். ஸ்டியரிங்கை அவன் மறுபடியும் தொட்டதே இல்லை. நான் அதைக் கேள்விப்பட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஜிஷா வந்தது போன செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மணிக்கு. அதே கார். புருஷன் ஓட்டாததால் அவள் ஓட்டப் பழகியிருந்தாள். பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், தெரியாமல் செய்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். 

"சேட்டா, ஞான் அனூபேட்டன்றெ..." என்று ஆரம்பித்தாள்.

"அறியாம்" என்றேன். அனூப்பின் மனைவி என்று தெரியும்.

"ரெண்டு வைப்பரும் மாற்றணம். லைட்டும் நோக்கணே. வைந்நேரம் கும்பளங்கிக்குப் போணம், அம்மயெ காணான். அவிடெ ரோட்டில் லைட் ஒந்நுமில்ல."

சாயங்காலம் அம்மாவைப் பார்க்க அவள் போகவேண்டிய, விளக்கே இல்லாத அந்தக் கும்பளங்கி ரோடு எனக்குத் தெரியும். மீன் வளர்க்கும் தண்ணீருக்கு நடுவே போகிற இடத்தில் ஓரத்துக்குச் சுவர் கிடையாது. வானம் மூடி இருட்டாக இருந்தது, சுவர் மேல் விளக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒரு வட்டம்தான் விழுந்தது. அதே இடது பக்கம்.

"வேற கடையே கிடைக்கலியா?" என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். அவளுக்குப் புரிந்தது.

"அனூபேட்டன் பறஞ்ஞதா. இவிடெத்தந்நெ மாற்றணம்னு. எல்லாம் மாற்றணம், ஒந்நும் மதின்னு பறயருதுன்னு." இங்கேதான் மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், எதையும் போதும் என்று சொல்லக்கூடாது என்று அனுப்பியிருக்கிறான்.

நான் புதிய பிளேடைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தேன். பழையதையும் கழற்றி, இரண்டையும் பானெட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இதுவும் என் வழக்கம். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டும். அப்போது அவள் இன்னும் கொஞ்சம் பேசினாள். அதைப் பிறகு எழுதுகிறேன். பேசி முடித்துவிட்டு, பானெட்டைப் பார்த்து, "இது மதி" என்றாள்.

பக்கத்துக் கடையிலிருந்து சாயா வாங்கிக் கொடுத்து நிழலில் உட்காரச் சொன்னேன். தெருவைப் பார்த்து உட்கார்ந்து குடித்தாள். நான் பழைய பிளேடுகளை மறுபடி மாட்டினேன். கருப்பு மெருகு தடவினேன், புதிதுபோல் மின்னியது. டக்கென்ற சத்தம் இரண்டு முறை கேட்டது. அவளும் கேட்டிருப்பாள். பல்பைத் தொடவில்லை. பேட்டரியை மட்டும் கழற்றி மாட்டினேன், நேரம் சரியாக இருக்கட்டும் என்று. அதற்குள் வெயில் வந்துவிட்டது, சுவரில் வட்டம் தெரியாது, திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்றேன். தலையாட்டினாள்.

பிறகு கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். டாஷ்போர்டுக்குப் போடும் மெருகெண்ணெய் ஊறிய துணியால் துடைத்தேன். காய்ந்த கண்ணாடியில் அது தெரியாது. தண்ணீர் பட்டு, எதிரே ஒரு பஸ்ஸின் வெளிச்சமும் பட்டால், கண்ணாடி பால் ஊற்றினதுபோல் வெளுத்துவிடும். உங்கள் ஆட்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை. மூன்று மணி நேரம் தண்ணீரில் கிடந்த கண்ணாடியில் என்ன இருக்கும்? பிளேடு மொழித் தவறு என்று எழுதினீர்கள் சார். துணி எந்த மொழி?

எவ்வளவு ஆயிற்று என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

சாயங்காலம் ஆறரைக்கு மழை பிடித்தது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஃபோன் செய்து வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். கடைக் கணக்கு நோட்டில் எழுதுவதற்காக அவள் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். ஏழேகால்வரை அந்த நம்பர் என் முன்னால் இருந்தது.

இனி அவள் பேசியதை எழுத வேண்டும். அதை எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

பானெட்டில் பிளேடுகளை வைத்துவிட்டு நான் நிமிர்ந்தபோது, அவள் மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சேட்டன் விஷமிக்கண்டா. அன்னு இது மதின்னு பறஞ்ஞது சேட்டனாணெந்நு அனூபேட்டன் ஆரோடும் பறஞ்ஞிட்டில்ல. என்னோடு மாத்ரம். இனியும் பறயில்ல."

அன்று இது மதி என்று சொன்னது நான் என்பதை அனூப் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். இனியும் சொல்ல மாட்டான். நான் வருத்தப்படக்கூடாது.

அன்று அனூப் பல்பை மாற்றச் சொல்லித்தான் வந்தான். நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மழையில் பேட்டரியைக் கழற்றச் சோம்பலாக இருந்தது. "இது மதி, மழ கழிஞ்ஞிட்டு வா" என்று தலையைத் தூக்காமல் சொன்னேன். மூன்று வருடம் அவன் அதைத் தன் பேரில் சுமந்திருக்கிறான், என் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டு என்னையும் எப்படிக் கைகாட்டுவது என்று. யார் கேட்டார்கள் அவனை? அந்த இரக்கத்தை மனைவியிடம் கொடுத்து என் கடைக்கே அனுப்பிவைத்தான். அவளும் உங்களைப்போலவே, சார், என் தோளில் கை வைப்பதுபோல் சொன்னாள்.

சொல்லிவிட்டு, விஷயத்தை மாற்றுவதற்காகப் பானெட்டுக்குக் குனிந்து, "இது மதி" என்று சிரித்தாள். அவள் விரல் புதிய பிளேடின் மேல் இருந்தது. பார்த்தேன்.

என்னை மறுபடியும் வாசல்வரை வந்து அனுப்ப வேண்டாம். நான் இங்கேயே இருக்கிறேன். உங்கள் படிவத்தில் காரணம் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே கற்பகம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது மதி.