தீச்சட்டி எடுக்கும் அம்மா

ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தாம்பரம் போகும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு வாலிபர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மவுண்ட் ரோடில் இங்கிலீஷ் பேய்ப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள். ஒருவன் கழுத்தில் சிலுவைச் சங்கிலி, மற்றவன் நெற்றியில் குங்குமம்.

குங்குமக்காரன்தான் ஆரம்பித்தான். "அந்தக் கெழவி இன்னா தப்பு பண்ணா மச்சான்?"

"சூனியக்காரிடா அவ. நெருப்பை ஏந்திக்கிட்டு கல்லைச் சுத்தறாளே, பார்க்கலை?"

"எங்கம்மாவும்தான் நாளைக்கு செம்பாக்கத்துல தீச்சட்டி எடுக்குது. எங்க கோயில் ஆத்தாவும் வேப்பமரத்தாண்ட வெறும் கல்லுதான்."

"டேய், இது சினிமாடா."

"சிலுவையக் காட்னதும் கெழவி எரிஞ்சி போனா. நீ கை தட்டுன."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காது மட்டும் அங்கேயே இருந்தது. பல்லாவரம் தாண்டியதும் குங்குமக்காரன் மறுபடி ஆரம்பித்தான்.

"வருசா வருசம் எங்க வூட்டுக் கூழுக்கு வருவ. நாளைக்கு வருவியா? அம்மா கேட்டுச்சி."

"வரேன்டா" என்ற சிலுவைக்காரன், சங்கிலியை மெதுவாகச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

"வெளியவே இருக்கட்டும் மச்சான். எங்கம்மா அதையும் கும்பிட்டுட்டுத்தான் உனக்குக் கூழ் ஊத்தும்."