வெறுங்கையோடு வந்தவருக்கும் புது ஊசி

பழங்காநத்தம் ஊசி மாற்று மையத்தின் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்து, வந்தவர் யாரென்று கேளாமல், வந்த முகம் வாடாமல் வரவேற்று, இன்று பணி ஓய்வு பெறும் செவிலியர் முத்துமீனா அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றுவோர் வணங்கி வாசித்தளிக்கும் மடல்.

நேருக்கு நேர் புகழ்ந்தால் எழுந்துபோய்விடுவார். ஆகவே அவரைப் பற்றி அவையோரிடம் சொல்வதாகவே எழுதியிருக்கிறோம். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "என்னையப் பத்தி எழுதுனா அருண்பாண்டியையும் எழுதணும். இல்லைன்னா பொன்னாடையோட நிறுத்திக்கங்க."

போதை ஊசி போடுவோரில் ஒருவரின் ஊசியை இன்னொருவர் வாங்கிப் போட்டால், ரத்தத்தின் வழியே நோயும் சேர்ந்து ஏறும். அதைத் தடுக்கவே புது ஊசி தருகிறோம். முன்பு, பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்று விதி; தெருவில் ஊசி கிடக்கக்கூடாது என்ற நல்லெண்ணம். மாட்டுத்தாவணியில் பூமூட்டை சுமக்கும் அருண்பாண்டி ஒரு மாலை வெறுங்கையோடு வந்தார். அன்று சன்னலில் இருந்தவர் முத்துமீனா.

"பழசு எங்க தம்பி?"

"வர்ற வழியில போலீஸ் செக்கிங்க்கா. சாக்கடையில போட்டுட்டேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. போயி எடுத்துட்டு வா."

"சாக்கடைக்குள்ள இறங்கவா? பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கிறவன் தோத்தான்க்கா உங்ககிட்ட."

சிரித்துக்கொண்டேதான் போனார். அன்று கூட்டாளியின் ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டார். அதுவரை சுத்தமாக இருந்த ரத்தத்தில், அடுத்த பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தது. அதைச் சொல்ல வேண்டியவரும் முத்துமீனாதான். அருண்பாண்டி திட்டவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன் என்று அம்மையார் ஒருமுறை எங்களிடம் சொன்னார்.

பிறகு கூட்டந்தோறும் எழுந்து அந்த விதியை எடுக்கச் சொன்னார். மேலதிகாரிகள் சலித்துப்போய் எடுத்தார்கள். இன்று சன்னலில் எவரும் பழைய ஊசி கேட்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வெறுங்கை நீளும்போதும் அவர் கை ஒரு நொடி நின்று பிறகு நீள்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். எங்கள் பாராட்டு எதுவும் அந்த நொடிக்குள் நுழைய முடிந்ததில்லை.

பெயரை எழுதலாமா என்று, மாத்திரை வாங்க வந்த அருண்பாண்டியிடமே கேட்டோம். "தாராளமா எழுதுங்க. ரூல்ஸ் போட்டது அக்கா இல்லைன்னும் எழுதுங்க" என்றார். அதைச் சொன்னால் அம்மையார் மனம் ஆறும் என்று நம்பினோம். கேட்டுவிட்டு, "இல்லைன்னு சொன்ன வாய் என்னோடதுதான" என்றார்.

அம்மா, இதை மட்டும் உங்களிடமே சொல்கிறோம். அந்த மாலைப்பொழுதை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள எங்களால் இயலவில்லை. சன்னலை வாங்கிக்கொள்கிறோம். நோயின்றி நெடுநாள் இருங்கள். நாளையும் அந்தச் சன்னல் திறந்திருக்கும். வெறுங்கை நீண்டால் எங்கள் கை நிற்காது.

என்றும் உங்கள்,
மையப் பணியாளர்கள்