சாதாளைச் சீலிங்கை இழுத்து விழுத்தியமை தொடர்பாக

என் பெயர் வல்லிபுரம் பார்வதிப்பிள்ளை. வயது 79. விதவை. முகவரி புளியங்கூடல், ஊர்காவற்றுறை. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். மகளின் மகள் கம்சிகா, வயது 6, என்னுடன் இருக்கிறாள்.

முறைப்பாட்டாளர் சுமித்திரா என் காலஞ்சென்ற தமக்கையின் மகள். எங்கள் பூட்டன் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீட்டை 1967 ஆவணியில் எனக்கும் தமக்கைக்கும் சீதனமாகப் பிரித்தார்கள். கிணற்றுப் பக்கம் தமக்கைக்குப் போனது. நடுச்சுவர் கூரை தாங்கும் வளை மட்டத்துடன் நிற்கிறது. அதற்கு மேலே திறந்த வெளி; கூரை இருவருக்கும் ஒன்று.

சென்ற ஆவணியில் சுமித்திரா ஜேர்மனியிலிருந்து வந்து, ஓட்டு வெக்கை இறங்காதிருக்கப் பனையோலைப் பாயால் சீலிங் அடித்து, அதன் மேல் கரையில் ஒதுங்கும் கடற்புல்லான சாதாளையைக் காயவைத்து அடைத்தார். "கடற்குப்பையிலை பூஞ்சணம் பிடியாமல் மல்லிகையே பூக்கும்?" என்று கேட்டேன். "உப்பு ஊறினது குஞ்சியம்மா, லேசிலை பிடியாது. முதலிலை உங்கடை பரணைப் பாருங்கோ" என்றார். அவர் சொல்லி நான் என் பரணைப் பார்ப்பதா என்று பார்க்கவில்லை.

அதன் பின்னர் மாசியில் பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்குத்தர், வீட்டில் பூஞ்சணம் உள்ளதா என்று கேட்டார். பக்கத்துச் சீலிங்கில் உள்ளது என்றேன்.

அதன் பின்னர் கடந்த செவ்வாய்க்கிழமை, சுமித்திரா குறிகட்டுவானுக்குப் போயிருந்த நேரம், மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியுடன் அவருடைய பக்கம் போய்ப் பாயைக் கொளுவி இழுத்தேன். சாதாளை என் தலையில் கொட்டியது. கசக்கினேன், சருகாக நொறுங்கியது. முகர்ந்தேன், கடல் மணம் மட்டும். பூஞ்சணம் இல்லை. அதனால் கோபம் கூடி மற்றப் பாயையும் இழுத்தேன்.

அப்போது சுவருக்கு மேலால் என் பரண் தெரிந்தது. சென்ற ஆவணிக்கு முந்திய தை மழையில் சரியாகக் காயாத பனங்கிழங்குப் புழுக்கொடியலைச் சாக்கில் கட்டி அங்கே ஏற்றுவித்தது நானே. சாக்குகள் பச்சையும் கறுப்புமாக மயிர் முளைத்துக் கிடந்தன. நேர் கீழே பிள்ளையின் கட்டில்.

அதன் பின்னர் சுமித்திரா வந்து, "குஞ்சியம்மா, நீங்கள் மனிசியே?" என்று கேட்டார். கொக்கத்தடியால் பரணைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் பக்கம் போனார். அதன் பின்னரே முறைப்பாடு செய்தார்.

சாக்குகளை எரித்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பித்தேன். நேற்றுப் பிள்ளையை என் பக்கம் திரும்பி வரக் கூப்பிட்டேன். "வேண்டாம் அம்மம்மா, இஞ்சை மூச்சு வருது" என்றாள். அதன் பின்னர் நான் கூப்பிடவில்லை.

ஒருவரும் வற்புறுத்தாமல் இதைச் சொன்னேன். சார்ஜன்ட் வாசித்துக் காட்டக் கேட்டேன்; கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) வ. பார்வதிப்பிள்ளை