அட்டையில் இரண்டு பாதங்கள்

"எம்பொண்ணு என் காலைத் தூக்கி புஸ்தக அட்டையில போட்டுட்டா."

மரக்காணம் போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. ஜன்னலை விட்டுவிட்டு என் காது அங்கே போய்விட்டது. பேசியவரும் பக்கத்திலிருந்த பெண்ணும் ஒரே உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். பேசியவரின் மடியில் புத்தகம். அட்டை முழுக்க வெடித்த இரண்டு பாதங்கள்.

"படம் போட்டதும் அவதான், கதையும் அவதான். உள்ள சிடி இருக்குது பாரு, அந்தப் பாட்டும் அவளே பண்ணது. நாம உப்பு வார்ற சத்தந்தான் அதுக்குத் தாளம்."

"எந்தக் கம்பெனிக்குக்கா?"

"கம்பெனியெல்லாம் இல்ல. தனியாவே செய்றா."

"அதுக்காக சரஸ்வதி மேலயா காலைப் போடுறது?"

"நானும் அப்படித்தான் திட்டினேன். மூஞ்சிய வரைடின்னேன். 'இந்தக் காலுதானம்மா என்னப் படிக்க வச்சிச்சி'ன்னு சொல்லிட்டா."

பஸ் சட்டென்று நின்றது. புத்தகம் நழுவி பக்கத்துப் பெண்ணின் காலில் விழுந்தது. அவர் பதறி எடுத்து, அட்டையை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

"ஏய், அது என் காலுடி!"

"தெரியும்க்கா" என்று சொல்லி, இன்னொரு முறை ஒற்றிக்கொண்டார்.