பழுப்பாகாத தண்ணீர்

மாலை ஆறு நாற்பது. ஐப்பசி. புதுவயலைத் தாண்டி, அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போன பிறகு, ஒற்றைச் சாலை ஒன்று பிரியும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். விளக்குக் கம்பங்கள் உண்டு... விளக்குகள் இல்லை. அந்தச் சாலையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஞானபூரணி. என் தோழி மெர்சியின் அக்கா.

இதை நான் சொன்னது போன ஞாயிற்றுக்கிழமை. காரைக்குடியில் நாங்கள் தங்கியிருக்கும் பெண்கள் விடுதி. மழை. மின்சாரம் இல்லை. ஒரே அறையில் ஐந்து பேர், ஒரு கைபேசி வெளிச்சம். கதவோரம் மஹாலட்சுமி. என் மடிமேல் காலை நீட்டிக்கொண்டு நாகவல்லி. ஆளுக்கொன்று சொல்லி முடித்திருந்தார்கள்... புளியமரம், வெள்ளைச் சேலை, கொலுசு. என் முறை வந்தது. எனக்குப் பயமில்லை, கோபம்தான் இருந்தது. யார் மேல் என்று முதலிலேயே சொல்லிவிடவில்லை.

ஞானபூரணி வேலை பார்த்தது என் அலுவலகத்தில்தான். தண்ணீரைப் பரிசோதிக்கும் இடம். நான் கணினி முன்னால். அவள் ஊர் ஊராகப் போய் மாதிரி எடுப்பவள். ஒப்பந்த வேலை, ஒவ்வொரு ஆவணியிலும் புதுப்பிக்க வேண்டும்.

ஆடியில் முதல் தடவை அந்த ஊருக்குப் போனாள். ஊர்ப் பெயர் வேண்டாம். ஓர் ஊருணி, அதற்கு மேட்டில் ஓர் ஆலை. நெல் ஊறவைத்த தண்ணீரை ராத்திரியில் வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள் என்று மனு. மனு கொடுத்தவள் காளீஸ்வரி. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஆறு வயதில் மகள், இடுப்பில் ஒரு மகன். அந்த ஊரில் குழாய்த் தண்ணீர் வாரம் ஒரு முறை. மற்ற நாளெல்லாம் ஊருணிதான்.

குடிக்கிற ஊருணியில் யாரும் செருப்புக் காலோடு இறங்க மாட்டார்கள். கரையிலேயே கழற்றி விடுவார்கள், முனை தண்ணீரைப் பார்த்தபடி. அந்தச் சிறுமியும் கழற்றினாள். ரோஸ் நிறச் செருப்பு. வார் பிய்ந்திருந்தது. ஞானபூரணி தன் சேலையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து அந்த வாரில் குத்திவிட்டாள்.

பிறகு பாட்டிலைச் சாய்த்து, குமிழி வராமல், தண்ணீருக்கு அடியிலேயே நிரப்பி மூடினாள். இரண்டு மருந்துகளை விட்டுக் குலுக்கினாள். சிறுமி பாட்டிலோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இப்ப என்ன நெறம்?"

வெள்ளை. பால் திரிந்தது போல அடியில் இறங்கியது.

காளீஸ்வரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வெள்ளையா வந்துருச்சே... அப்ப நல்ல தண்ணிதானே?"

"இல்லக்கா. தண்ணிக்குள்ள காத்து இருந்தா பழுப்பாகும். இதுல காத்தே இல்ல. மீனு மூச்சு விட முடியாது."

"அப்ப அதையே எழுதிருங்க. நீங்க எழுதிட்டீகன்னா வாய்க்கால அடைப்பாக. லாரித் தண்ணி வரும்."

ஞானபூரணி எழுதினாள். எங்கள் அதிகாரி காசிவிஸ்வநாதன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். மாதிரி எடுத்துவரச் சொன்னால் ஊருக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்திருக்கிறீர்களே என்றார். பாட்டிலில் குமிழி இருந்தது, அதனால் அது செல்லாது, வேறு எடுங்கள் என்றார். ஊருணி வரைக்கும் போக வேண்டாம்... பாதி வழியில் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, அதன் அடியில் குழாய் இருக்கிறது. ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் குழாயில் பிடித்தாள். தேன் போல அழகான பழுப்பு. தண்ணீரில் கரைந்த காற்றின் அளவு, ஐந்து புள்ளி எட்டு. சீட்டில் ஊருணியின் பெயரை எழுதி ஒட்டினாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

புரட்டாசியில் அந்தச் சிறுமிக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மூன்றே நாள்.

"ஏய், இது பேய்க் கதையா, ஆபீஸ் கதையா?" என்றாள் நாகவல்லி. யாரும் சிரிக்கவில்லை. அவளும் காலை மடக்கிக்கொண்டாள்.

காளீஸ்வரி மறுபடி மனு கொடுத்தாள். ஐப்பசியில் மறுபடி ஞானபூரணியை அனுப்பினார்கள். அதே குழாய் என்றார் அதிகாரி. மழையில் பிந்தி, அவள் அந்தத் தொட்டிக்கு வந்து சேர்ந்தபோதுதான் ஆறு நாற்பது.

குழாயைத் திறந்தாள். பிடித்தாள். மருந்து விட்டாள். கைபேசி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

வெள்ளை.

கொட்டிவிட்டு, கழுவி, வேறு பாட்டிலில் பிடித்தாள்... வெள்ளை. மூன்றாவது... வெள்ளை. அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. ஊறிப் புளித்த நெல். ஆலை அங்கிருந்து நான்கு மைல்.

சளப்.

சின்னப் பாதம் ஒன்று படியிறங்கித் தண்ணீரில் வைப்பது போல. சளப்... சளப். அங்கே படியும் இல்லை, தேங்கிய தண்ணீரும் இல்லை. மழையில் நனைந்த சிமெண்டுத் தளம், ஒரு குழாய். ஸ்கூட்டரின் விளக்கைத் திருப்பினாள். தளத்தின் விளிம்பில் ஒரு ஜோடி ரோஸ் செருப்பு. முனை குழாயைப் பார்த்தபடி. வாரில் ஊக்கு.

பாட்டிலுக்கு மிக அருகில், கண்ணாடியில் மூச்சுப் படிந்தது.

"அக்கா... இப்ப என்ன நெறம்?"

ஞானபூரணி ஓடவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் ஓடியிருப்பேன் என்று இதை எனக்குச் சொன்ன மெர்சியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஞானபூரணி வாய்விட்டுப் பதில் சொன்னாளாம்: "வெள்ளதாண்டா."

அப்படியே ஊருணிக்குப் போனாள். இருட்டில் இறங்கி, உண்மையான தண்ணீரைப் பிடித்தாள். தாளில் தன் கையால் எழுதினாள். பூஜ்யம். காலையில் அதிகாரியின் மேசையில் வைத்தாள். சாயங்காலம் வேலையை விட்டாள்.

மஹாலட்சுமி மெதுவாகக் கேட்டாள். "அப்ப லாரித் தண்ணி வந்துச்சாக்கா?"

வரவில்லை. அதிகாரி அந்தத் தாளோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "போன தடவ அடிச்சது இருக்கும்ல. அத எடுத்து தேதிய மட்டும் மாத்தும்மா." எங்கள் அலுவலகத்தில் பாதி அறிக்கைகள் அப்படித்தான் பிறக்கின்றன. மாற்றினேன். தேதியை மட்டும். வெளியே அடைமழை... அறிக்கையில் ஆடி வெயிலின் வெப்பநிலை அப்படியே இருந்தது. யாரும் படிக்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐந்து புள்ளி எட்டு. அதை அடித்தவை இந்த விரல்கள்.

ஞானபூரணி எழுதிய தாளைக் கிழித்துவிடச் சொன்னார். கிழிக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டேன். கிழிக்காததாலேயே நல்லவளாகிவிட்டேன் என்று கொஞ்ச நாள் நம்பினேன். இப்போது அந்த நம்பிக்கைமேல்தான் எனக்கு அதிகக் கோபம். ஆலைக்காரன்மேல் இருப்பதைவிட.

காளீஸ்வரி அலுவலகத்துக்கு வாராவாரம் போன் செய்கிறாள். நான்தான் எடுக்கிறேன். "ரிப்போர்ட்டு வந்துருச்சாம்மா?" வரும் என்கிறேன். வெள்ளிக்கிழமை வேறொன்றும் சொன்னாள். "பயலுக்கும் ரெண்டு நாளா வயிறு சரியில்லம்மா."

சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மனு நாள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் போக வேண்டிய இடம் அதுதான். நான்கு திங்கள் போய்விட்டன.

முதல் திங்கள் ராத்திரி, விடுதியின் வெளிக்கதவருகே அந்தச் செருப்பு கிடந்தது. யாரோ பிள்ளையோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது திங்கள், மாடிப்படியின் கீழ்ப்படியில். மூன்றாவது திங்கள், மேல்படியில். போன திங்கள், நம் அறை வாசலில், நம் செருப்புகளோடு வரிசையாக. ஐந்து பேருக்கு ஆறு ஜோடி. முனை உள்ளே பார்த்தபடி. ஆறு நாளாக அதைத் தாண்டித்தான் போய்வருகிறேன் என்றேன். நாளைக்குத் திங்கள்.

மழை நின்றிருந்தது. மஹாலட்சுமி கைபேசியை எடுத்து, கதவை ஒரு சாண் திறந்து, வெளிச்சத்தை வெளியே நீட்டினாள். நிதானமாக எண்ணினாள்.

"அஞ்சுதான் இருக்கு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். "போக்கா... பயமுறுத்திட்டீக."

அப்போது அறைக்குள், எனக்குப் பின்னால், குடிதண்ணீர் கேனின் குழாய் ஒரு சொட்டுச் சொட்டியது. ஊறிய நெல்லின் நாற்றம். நாகவல்லி என் கையை இறுகப் பிடித்தாள். மஹாலட்சுமி வெளிச்சத்தை உள்ளே திருப்பினாள்.

கேனின் அடியில், தரையில், ஒரு ஜோடி சின்னச் செருப்பு. முனை குழாயைப் பார்த்தபடி. ஊக்கு இன்னும் துருப்பிடிக்கவில்லை.