வியாழக்கிழமைக்கு எத்தனை டம்ளர்?

ஹலோ… ஹலோ, யாருங்க?… ஆமா, ருமியாத்திதான். பர்ஜோனோ சம்சாரம்… ஆமாமா, அவருதான். நீங்க யாருன்னு மொதல்ல சொல்லுங்க.

நிங்ரும்… எந்த நிங்ரும்?… கிளாத்தேன் டவுன்லேருந்தா? எனக்கு அங்க யாரையும் தெரியாதே… இருங்க, தேன் விக்கிறவங்களா? போன வாரம்தான் ஒரு அம்மா வந்து, கருஞ்சீரகத் தேன் ஒரு டப்பா குடிச்சா எல்லாம் கரைஞ்சிடும்னு ஒக்காந்தது, எந்திரிக்கவே இல்ல… விக்க வரல. சரி, சரி. மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

நர்ஸா?… எந்த ஆஸ்பத்திரி?… வீட்டுக்கே வர்ற நர்ஸு… கொஞ்சம் இருங்க, நான் கொல்லப்பக்கம் வந்துடறேன்… ம், இப்பச் சொல்லுங்க. மெதுவாப் பேசுங்க. அவரு முன்ரூம்ல படுத்திருக்காரு. ஒடம்புதான் முடியல, காது பாம்புக்காது.

நல்லா இருக்காரு. வயித்துப் புண்ணுதான், ஆறிட்டு வருது. தன்னோட கூண்டுப் புறாவக்கூடப் போன வாரம் தம்பிக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு, கத்திக்கிட்டே இருக்கு, தூக்கம் கெடுதுன்னு. உசுரா வளத்த புறா… என்னது?… நான் எப்படி இருக்கேனா?

…இல்ல, கேட்டுச்சு. எதுக்குக் கேக்குறீங்க? எட்டு மாசமா இந்த வீட்டுக்கு வந்துபோன ஒருத்தரும் அதக் கேக்கல. நீங்க கேக்குறீங்கன்னா உள்ள ஏதோ இருக்கு.

வியாழக்கிழமை வர்றீங்களா… எத்தனை பேரு?… தலைக்கணக்கு தெரியணும்லங்க. எங்க ஊருல நோயாளியப் பாக்க யாரு தனியா வர்றா? போன ஞாயித்துக்கிழமை அவரோட பஸ் டிப்போ ஆளுங்க லாரி புடிச்சு வந்தாங்க. முப்பத்தெட்டு பேரு. முப்பத்தெட்டு டம்ளர் டீ, சர்க்கரை தூக்கலா. பொரிச்ச சோயாத் தெம்பே, அவிச்ச வாழப்பழம். ‘நீ செரமப்படாத ருமி, ஒக்காரு’ன்னு சொல்லிக்கிட்டே அத்தனை பேரும் குடிச்சாங்க. நான் டம்ளர் கழுவிக்கிட்டு இருக்கறப்ப அவரு படுக்கையிலயே வாந்தி எடுத்திருக்காரு, எனக்குக் கேக்கவே இல்ல… அன்பாத்தான் வர்றாங்க, நான் இல்லன்னு சொல்லல.

நீங்களும் இன்னொரு அம்மாவும். ரெண்டு… நாலு மணி நேரமா? அப்ப மூணு வாட்டி டீ போடணுமே… ஃப்ளாஸ்க்ல கொண்டு வருவீங்களா? நல்லாயிருக்கே. என் வீட்டுக்கு வந்தவங்க அவங்க டீய அவங்களே ஊத்திக் குடிச்சாங்கன்னா தெருவே சிரிக்கும்… நான் வீட்ல இருக்க வேணாமா? நான் எங்க போவேன்?

ஓ… நான் வெளிய போகணும், நீங்க அவரு பக்கத்துல ஒக்காந்திருப்பீங்க. இப்பப் புரியுது. வர்சிதி சொன்னாளா?… என் நாத்தனா, அவருக்கு அக்கா. வந்தப்பல்லாம் அவரு முதுகத் திருப்பித் திருப்பிப் பாக்குறவ அவதான், படுக்கைப்புண் வந்திருக்கான்னு. ஒரு சின்னக் கீறல் கெடையாது. ரெண்டு மணிக்கு ஒருவாட்டி நான் பொரட்டிப் போடுறேன். வந்து பாத்து எழுதிக்கிட்டுப் போங்க… அவ இல்லயா? பின்ன ஊர்த்தலைவர் வீட்டம்மாவா?… அவங்களும் இல்ல. பேரு சொல்லக் கூடாதா? பேரு சொல்ல முடியாத ஆளு நல்லதுக்கா சொல்லியிருப்பாங்க?

…தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. நீங்க வந்தா சட்டையில பேரு அட்டை மாட்டியிருப்பீங்க. வண்டியில அந்த நோய்ப் பேரு எழுதியிருக்கும். அவரு அதப் படிப்பாரு… தெரியாது. அவருக்கு எதுவும் தெரியாது. ஈரல்ல இருக்கறது என்னன்னு டாக்டரு வராந்தாவுல வச்சு எங்கிட்டயும் வர்சிதிகிட்டயும்தான் சொன்னாரு. நாங்க வயித்துப்புண்ணுன்னு சொல்லிட்டோம். எட்டு மாசமா அத நான் காப்பாத்திக்கிட்டு வர்றேன். தெரிஞ்சா மனுசன் அன்னைக்கே ஒடைஞ்சிடுவாரு. அந்த வார்த்தை எங்க வாசப்படி ஏறக் கூடாது.

இல்லங்க, வேணாம்… எங்க சனங்க மூணு வாட்டி வேணாம்னு சொல்லிட்டு நாலாவது வாட்டி வாங்கிக்குவாங்க, எனக்கும் தெரியும். இது அந்த வேணாம் இல்ல.

…இருங்க, அவரு கூப்புடுறாரு. இதோ வர்றேங்க… போன்லயா? கேஸ் சிலிண்டர்காரருங்க… ம், சொல்லுங்க தங்கச்சி. சட்டுன்னு சொல்லுங்க.

…முழங்கால் வலின்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? இடது காலுதான், ஆமா… ஒக்காந்தே தூங்குறேன். ஆமா, அதுக்கென்ன?… பாத்ரூம்லயா?

…திருப்பிச் சொல்லுங்க.

…பாத்ரூம்ல கொழாயத் தொறந்து விட்டுட்டு அழறேன்னு.

…அது வர்சிதிக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் கொழாயவே தொறக்குறேன். இந்த வீட்ல இருக்கறது நாங்க ரெண்டே பேரு.

…எப்ப பேசினாரு?… போன செவ்வாக்கிழமை. அன்னைக்கு நான் மார்க்கெட்டுக்குப் போனேன். போன வச்சிட்டுப் போ, அதுல புறாப் பாட்டுக் கேக்கணும்னாரு. நானும் மக்கு மாதிரி வச்சிட்டுப் போனேன். புறாவையே குடுத்துட்ட மனுசனுக்குப் புறாப் பாட்டு எதுக்குன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க, பூசி மெழுகாதீங்க… ‘எனக்காக வர வேணாம்’… ம்… ‘எனக்கு நாளு அதிகமில்ல, என் சம்சாரத்துக்காக வாங்க’… ம்… ‘அவ எங்கிட்ட மறைக்கிறா, மறைக்கட்டும், அவளுக்கு அது ஒரு பிடிமானம்’…

…

…ஏன் வியாழக்கிழமைன்னும் சொன்னாரா?… ஆமா. பொம்பளைங்க சேந்து குரான்ல யாசீன் ஓதுற கூட்டம், ஊர்த்தலைவர் வீட்ல. எட்டு மாசமா நான் போகல. நான் ஒக்கார்ற பாய்க்கு அடுத்த பாய் யாருதுன்னுகூட மறந்துபோச்சு. அதெல்லாம் அவரு ஞாபகம் வச்சிருக்காரா? வலியில கெடக்குற மனுசன் என் கெழமையக் கணக்குப் பண்ணிக்கிட்டுக் கெடந்திருக்காரே… ஒங்களப் போயி சந்தேகப்பட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.

வாங்க. மூணு மணிக்கு வாங்க… அட்டையா? மாட்டிக்கிட்டே வாங்க. இனிமே யாருகிட்ட மறைக்கிறது? ஃப்ளாஸ்க் மட்டும் கொண்டு வராதீங்க. ரெண்டு டம்ளர்தானே, நான் கழுவிக்குவேன்.

…இருங்க, மறுபடியும் கூப்புடுறாரு. கேஸ்காரரோட இவ்வளவு நேரம் என்ன பேச்சுன்னு கேக்குறாரு.

…கேஸ்காரரு இல்லங்க. நீங்க வரச் சொன்ன பொண்ணு.

…

…நான் வச்சிடறேன் தங்கச்சி. உள்ள அவருகிட்டப் போகணும்.