அசைக்கக் கூடாத மூணு செகண்ட்

மைசூரிலிருந்து கொள்ளேகால் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் மடியில் ஒரு சின்ன ரோபோவை வைத்திருந்தாள்.

“போட்டியில இது சுவத்துல முட்டினதுக்கு ரம்யா காரணமில்ல. நான்தான்,” என்றாள் திடீரென்று.

“அவ வயரிங் சரியில்லன்னு நீதானே சார்கிட்ட சொன்ன?”

“வயரிங் சரியாத்தான் இருந்துச்சு. ஆன் பண்ணினதும் மூணு செகண்ட் ரோபோவை அசைக்கக் கூடாது, திரும்பறதை அளக்கற கைரோ சென்சார் குழம்பிடும். நான் அவசரத்துல தள்ளி வெச்சுட்டேன். அப்புறம் நேரா போறப்பவும் திரும்பறதா நினைச்சுக்கிட்டு அது கோணலா போச்சு.”

“அவளை டீமை விட்டே எடுத்துட்டாங்களேடி!”

“அதான் ரெண்டு நாளா சோறு இறங்கல.”

“இப்பவே போன் பண்ணு.”

பண்ணினாள். “ரம்யா, தப்பு என்னோடது. நாளைக்கு சார்கிட்டயும் சொல்லிடறேன்,” என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். போனை வைத்தபோது முகம் சிவந்திருந்தது.

“என்னடி சொன்னா?”

“நான் தள்ளி வெச்சதை அவ பாத்தாளாம்.”

“அப்புறம் ஏன் அன்னிக்கே சொல்லல?”

“நானே சொல்லுவேன்னு நினைச்சாளாம்.”